தொட்டிலுக்குப் பின் தொழில்



பிள்ளை பெற்ற பெண் மீண்டும் வேலைக்குப் போவது நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தி அன்று. நம் பாட்டிமார்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, வாளியும் உளியுமாகப் பால் மரக்காட்டுக்கு நடந்தவர்கள். ஆனால், படித்துச் சான்றிதழ் பெற்றுத் தாதியாகவோ ஆசிரியையாகவோ மருத்துவராகவோ இருந்த ஒரு பெண், பிள்ளைகளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு அதே பணிக்குத் திரும்ப விரும்பினால், அவளுக்கு மட்டும் உலகம் நெடுங்காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. அந்தக் கதவு எவ்வாறு திறந்தது, எவருடைய கையால் திறந்தது என்பதை இன்று நாம் காண்போம்.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பல வீடுகளில், பெட்டியின் அடியில், பழைய சேலை மடிப்புக்குள் ஒரு சான்றிதழ் கிடக்கிறது. மகள் தாதியாக வேண்டும் என்று தாயும் தந்தையும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்தார்கள். மகளும் படித்தாள்; சில ஆண்டுகள் வேலையும் பார்த்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். கடைக்குட்டிக்கு ஏழு வயதாகி முதலாம் ஆண்டில் பதிய வரும்போது, "வாத்தியார் ஐயா, இத்தனை வருசம் வீட்டுல இருந்தவளை இனிமே யார் சேர்த்துக்குவாங்க?" என்று கேட்கிறாள். பள்ளி வாசலில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்குச் சமாதானம் சொல்லி அனுப்புவதைவிட, முன்பு திரும்பி வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று சொல்வதே முறை.

முதலில் நம் வீட்டுக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1923-ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களில் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால், அங்கே பள்ளி நடத்துமாறு நிருவாகத்திற்கு உத்தரவிட அச்சட்டம் வழி செய்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அது ஒரு பெருங்காரணம். பள்ளி வயது வராத சிறுசுகளுக்கு ஆயாக் கொட்டகை. இதையெல்லாம் துரைமார்கள் இரக்கத்தால் செய்தார்கள் என்று நாம் நினைக்கவில்லை. பால் மரத்தை இளங்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அந்த நேரத்தில் தாயின் கை மரத்தில் இருக்க வேண்டுமென்றால், பிள்ளையை ஏந்திக்கொள்ள வேறொரு கை வேண்டும். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கிய அந்தக் கொட்டகையில் வயதான ஒரு மாது உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான். பல தோட்டங்களில் கொட்டகை ஒழுகியது, பால் மாவு போதவில்லை, இவையெல்லாம் உண்மையே. ஆயினும், தாய் வேலைக்கு வர வேண்டுமானால் அவளுடைய பிள்ளைக்கு வழி செய்தாக வேண்டும் என்ற கணக்கு மட்டும் தோட்ட நிருவாகத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதே காலத்தில், அந்தத் துரைமார்களின் தாயகமான பிரிட்டனில், படித்த பெண்களுக்கு இந்தக் கணக்கு நேர்மாறாகப் போடப்பட்டது. அங்கே "திருமணத் தடை" என்றொரு விதி இருந்தது. ஆசிரியையோ அரசாங்க எழுத்தரோ மணம் முடித்துக்கொண்டால், அன்றோடு வேலையை விட்டுவிட வேண்டும். பிள்ளை பிறக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. முதலாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது மணமான பெண்களை வருந்தி அழைத்து வேலை கொடுத்தவர்கள், போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் இந்த விதியை இன்னும் இறுக்கினார்கள். லண்டன் மாவட்ட மன்றம் 1923-ல் தன் பள்ளிகளில் இந்தத் தடையைக் கொண்டுவந்து, 1935-ல்தான் நீக்கியது. வானொலியும் இதற்கு விலக்கல்ல. பிபிசி நிலையம் 1932-ல் தன் பெண் ஊழியர்களுக்கு இவ்விதியை விதித்தது, 1944-ல் கைவிட்டது. வானொலியில் பேசும் நாம் இதை மறைப்பதற்கில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மீண்டும் ஆள் பற்றாக்குறை. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிரிட்டனில் ஆசிரியைகளுக்கு இருந்த தடையை நீக்கியது. 1946-ல் அரசாங்க அலுவலகங்களிலும் அது நீங்கியது. அண்டை நாடான அயர்லாந்தில் ஆசிரியைகள் 1958 வரையிலும், அரசாங்க ஊழியைகள் 1973 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது. தேவை தீர்ந்தபோது சாத்தியது. பெண்ணுக்குத் திறமை உண்டா இல்லையா என்ற கேள்வியெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்டது என்றே நமக்குப் படுகிறது.

இந்தத் தடைகளுக்கு நடுவே, வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த ஒரு பெண்ணின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

கேத்லீன் லான்ஸ்டேல் 1903-ஆம் ஆண்டு அயர்லாந்தில் நியூபிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர், குடிப்பழக்கம் உள்ளவர். பத்துப் பிள்ளைகளில் இவர் கடைசி. குடும்பத்தில் வறுமை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். மூத்தவர்கள் இளவயதிலேயே வேலைக்குப் போனதால், கடைக்குட்டி தொடர்ந்து படிக்க முடிந்தது. அண்ணன் மரம் வெட்டித் தங்கையைப் படிக்க வைத்த வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. ஆகவே இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் பள்ளியில் பௌதிகமும் வேதியியலும் சொல்லிக் கொடுக்க வசதி இல்லாததால், ஆண்கள் பள்ளிக்குப் போய் அவற்றைப் படித்த ஒரே மாணவி அவர். 16 வயதில் லண்டன் பெட்போர்டு கல்லூரியில் சேர்ந்தார். 1922-ல் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றார். நோபெல் பரிசு பெற்ற விஞ்ஞானி சர் வில்லியம் பிராக், தம் ஆய்வுக்கூடத்துக்கு வருமாறு அவரை அழைத்துக்கொண்டார்.

படிகங்களுக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தி, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அவர்களுடைய வேலை. உப்புக்கல்லும் சர்க்கரையும் படிகங்களே என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குப் புரியும்.

1927-ல் தாமஸ் லான்ஸ்டேல் என்பவரை மணந்தார். இனி ஆய்வை விட்டுவிட்டு நல்ல மனைவியாக, நல்ல தாயாக வீட்டோடு இருந்துவிடலாம் என்று கேத்லீனே நினைத்தாராம். கணவர் ஒப்பவில்லை, சம்பளமில்லாத வீட்டு வேலைக்காரிக்காகத் தாம் மணம் முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கணவரின் வேலை நிமித்தம் லீட்ஸ் நகருக்குப் போன கேத்லீன், அங்கே பென்சீன் வகைப் பொருளொன்றின் படிகத்தை ஆராய்ந்தார். சாயத்துக்கும் மருந்துக்கும் வேறு நூற்றுக்கணக்கான பொருள்களுக்கும் அடிப்படையானது பென்சீன். அதன் ஆறு கரி அணுக்கள் சேர்ந்த வளையம் தட்டையானதா, நெளிந்ததா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அது தட்டையானது என்று 1929-ல் கேத்லீன் நிறுவினார். அவருடைய முதல் குழந்தையும் பிறந்தது அதே ஆண்டில்தான்.

அடுத்த ஆண்டு குடும்பம் லண்டனுக்குத் திரும்பியது. கைக்குழந்தையோடு ஆய்வுக்கூடத்துக்குப் போக வழியில்லை. வீட்டிலேயே தாளும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டார். அணுக்கள் அடுக்கப்படும் ஒழுங்குகள் மொத்தம் 230 வகை. அத்தனைக்குமான சூத்திரங்களை ஒவ்வொன்றாக வகுத்தார். பிற்பாடு 1936-ல் அவை நூலாக வந்தபோது, அவருடைய கையெழுத்துப் பக்கங்களை அப்படியே அச்சுக்கு எடுத்தார்கள். ஒரு கண் தொட்டில்மேலும் ஒரு கண் தாள்மேலுமாக இருந்த காலத்து உழைப்பு அது.

1931-ல் இரண்டாவது குழந்தையும் பிறந்தது. பிராக் அவரை மறக்கவில்லை. மீண்டும் வந்து வேலை செய்ய என்ன வேண்டும் என்று கேட்டார். கேத்லீன் புதுக் கருவி வேண்டுமென்றோ, பதவி வேண்டுமென்றோ கேட்கவில்லை. வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் துணை வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்றார். சர் ராபர்ட் மாண்ட் என்ற செல்வர் கொடுத்த நன்கொடையிலிருந்து அந்தப் பணத்தை பிராக் பெற்றுத் தந்தார். ஆய்வுக்காக வந்த பணத்தில் வீட்டுக்கு ஆள் வைத்தார்கள்! ஆயாக் கொட்டகைக் கணக்கை ஒரு நோபெல் விஞ்ஞானியும் போட்டிருக்கிறார் என்பதைக் காணும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி. அந்த வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிப் பிள்ளை பார்த்த மாதரை வரலாறு அதிகம் பேசுவதில்லை. நம் தோட்டத்து ஆயாக்களையும்தான் யார் பேசுகிறார்கள்?

திரும்பிப் போன இடத்தில் எல்லாம் தயாராக இருக்கவில்லை. அவருக்கென்று எக்ஸ் கதிர்க் கருவி இல்லை. பெரிய பழைய மின்காந்தம் ஒன்றுதான் இருந்தது. வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு எந்த இடத்திலும் இப்படித்தான் நேரும். நல்ல நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். கேத்லீன் அந்தக் காந்தத்தைக் கொண்டே படிகங்களின் காந்தத் தன்மையை அளக்கத் தொடங்கினார். அதே ஆராய்ச்சியில் இந்தியாவில் சிறந்து விளங்கியவர் கே. எஸ். கிருஷ்ணன். இவர் தமிழ்நாட்டில் வத்திராயிருப்பில் பிறந்தவர், சர் சி. வி. ராமனோடு ராமன் விளைவு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1936-ல் லண்டன் ராயல் கழக ஏட்டில் வெளிவந்தது. அப்போது கேத்லீனின் மூன்றாவது குழந்தைக்கு இரண்டு வயது.

ராயல் கழகம் 1660-ல் தோன்றியது. அதில் பெண்கள் முதன்முதலாக உறுப்பினரானது 1945-ல்தான். அந்த ஆண்டு தேர்வான இருவரில் ஒருவர் மார்ஜரி ஸ்டீபன்சன். மற்றவர் மூன்று பிள்ளைகளின் தாயான கேத்லீன் லான்ஸ்டேல். 1949-ல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். இடையில் ஒரு மாதம் சிறையிலும் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போரை எதிர்க்கும் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவராதலால், போர்க்காலப் பாதுகாப்புப் பணிக்குப் பெயர் பதிய மறுத்தார். சிறு பிள்ளைகளின் தாய் என்று சொல்லியிருந்தாலே விலக்குக் கிடைத்திருக்கும். அவர் அந்தச் சலுகையை நாடவில்லை. 2 பவுன் அபராதத்தையும் கட்டவில்லை. 1943-ல் ஹாலோவே சிறைக்குப் போய் வந்தார்.

கேத்லீனுக்கு பிராக் கிடைத்தார். கிடைக்காதவர்கள் என்ன செய்வது? ஒருவருக்குக் கிடைத்த உதவி எல்லாருக்கும் உரிய ஏற்பாடாக மாறியதற்கு இன்னொரு பெண்ணைச் சொல்ல வேண்டும். அவர் மருத்துவர் ரோஸ்மேரி ரூ. 1928-ல் பிறந்தவர். மாணவியாக இருக்கும்போதே மணம் முடித்துக்கொண்டார். லண்டனில் அவர் படித்த மருத்துவக் கல்லூரி, மணமான மாணவியை வைத்துக்கொள்ளாது என்றது. ஆக்ஸ்போர்டுக்குப் போய்ப் படித்து, 1951-ல் மருத்துவர் ஆனார். முதல் வேலையில், கணவரும் குழந்தையும் இருப்பது தெரிந்ததும் நீக்கிவிட்டார்கள். 1954-ல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அதன் பின்னும் அவர் மருத்துவத்தை விடவில்லை.

1965-ல் ஆக்ஸ்போர்டு வட்டார மருத்துவமனை வாரியத்தில் பொறுப்பேற்றார். மருத்துவமனைகளில் மருத்துவர் போதவில்லை. ஆனால் அதே வட்டாரத்தில், படித்துப் பட்டம் பெற்ற பெண் மருத்துவர்கள் பலர் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். முழுநாள் வேலை, இரவுப் பணி என்றால் அவர்களால் வர இயலாது. ரூ அம்மையார் அந்தப் பெண்களை வாரியத்துக்கு ஏற்ப வளைக்கப் பார்க்கவில்லை. வாரியத்தின் நேர அட்டவணையை வளைத்தார். வாரத்தில் இத்தனை வேளை என்று அவரவருக்கு இயன்றபடி வேலை வகுத்தார். அந்தப் பகுதிநேர வேலையையும் மேற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கச் செய்தார். இதுதான் முக்கியம். பகுதிநேரம் என்றால் கடைநிலை வேலை என்ற எண்ணம் அங்கே உடைந்தது. வீட்டிலிருந்து வந்தவர்கள் பயிற்சியை முடித்து மேல்நிலைக்கும் உயர முடிந்தது.

பிரிட்டிஷ் அரசாங்கம் 1972-ல் மற்றொரு திட்டத்தையும் கொண்டுவந்தது. பிள்ளை வளர்ப்புக்காக வீட்டிலிருக்கும் பெண் மருத்துவர், தம் பதிவைக் கைவிடாமல் புதுப்பித்துக்கொண்டு, ஆண்டில் சில வேளைகளாவது மருத்துவம் பார்த்து, சில பயிற்சி வகுப்புகளுக்கும் வந்துபோனால், அதற்கு ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். மரத்தை அடியோடு வெட்டாமல் விட்டு வைத்தால் பிற்பாடு பால் எடுக்கலாம் அல்லவா, அதுபோல. ரோஸ்மேரி ரூ 1990-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் தலைவராக வந்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்தத் திருமண விதியின் நிழல் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. ஆசிரியையோ தாதியோ மணமானதும், நிரந்தர ஊழியர் என்ற நிலையை இழந்து, தற்காலிக ஊழியராக வேலை பார்க்க நேர்ந்தது. ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்ற வேறுபாடும் இருந்தது. பெண் ஆசிரியைகள் சங்கம் கூடிப் போராடினார்கள். சிங்கப்பூர் அரசு 1962-ல் சம ஊதியத்துக்கு முடிவெடுத்தது. மலேசியாவில், சுபியான் சம்பள ஆணைக்குழுவின் பரிந்துரைக்குப் பின், 1969 முதல் அரசுப் பணியில் சம ஊதியம் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. சம்பளம் சமமாகும் வரையில், "உன் சம்பளம் போனால் என்ன குறைந்துவிடும்?" என்று வீட்டிலேயே சொல்ல இடம் இருந்தது. அதனால் இந்தச் சம ஊதியத்தைத் திரும்பி வரும் வரலாற்றின் ஒரு படியாகவே நாம் கருதுகிறோம்.

இன்றைய நிலை வேறு. 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 98 நாட்கள். முன்பு 60 நாட்களாக இருந்தது. அரசாங்க ஊழியையாக உள்ள தாய், பிள்ளையைப் பராமரிக்கப் பணிக்காலம் முழுவதிலும் சேர்த்து 1825 நாட்கள் வரை, அதாவது ஐந்தாண்டுகள் வரை, சம்பளமில்லா விடுப்புக் கேட்கலாம். வேலையை விட்டுவிடுவதற்கும் விடுப்பில் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இது தெரியாமலே பதவி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிடும் இளந்தாய்மார்கள் உண்டு. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கும் ஒரு திட்டம் 2015-ல் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளாவது வேலையிலிருந்து விலகியிருந்து திரும்பும் பெண்களுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு என்று 2018-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. நல்லதுதான். ஆனால், வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே அந்த விலக்கு உதவும். நம் வீட்டுத் தாய்மார்களின் தடை வரியன்று. பிள்ளையை யார் பார்ப்பது என்பதே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது, ஆயாக் கொட்டகையும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள், நாம் தஸ்கா என்று சொல்பவை, நகரங்களில் உள்ளன. அவற்றின் கட்டணத்தையும் தம் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருந்துவிடுகிற தாய்மார்கள் பலர். பாட்டி இருக்கும் வீடுகளில் பாட்டியே ஆயா. மாமியாரும் மருமகளும் பேசி முடிவு செய்துகொண்டு, மருமகள் மாலை வேளைப் பணிக்குப் போய்வரும் குடும்பங்கள் நமக்குத் தெரியும். அங்கே பாட்டிக்குக் கொடுக்கும் தொகையைக் கைச்செலவு என்று சொல்லாமல் சம்பளம் என்றே சொல்லிக் கொடுப்பது நல்லது.

தாதிமைச் சான்றிதழைப் பெட்டியடியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஒருவர் நம் நாட்டில் தாதியாகப் பணியாற்ற, ஆண்டுதோறும் தொழிற்சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகளும் கேட்கிறார்கள். வேலையில் இல்லாத ஆண்டுகளில் இதை யாரும் நினைவூட்டுவதில்லை. ஆகவே, பிள்ளை இன்னும் தொட்டிலில் இருக்கும்போதே, பக்கத்து மருத்துவமனையில் பயிற்சி வகுப்பு நடக்கிறதா என்று விசாரித்து, அப்பாவிடம் ஒரு சனிக்கிழமை பிள்ளையை விட்டுவிட்டுப் போய் வரலாம். விட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்கள், முதலில் வேலை தேட வேண்டாம். பழைய பதிவு எண்ணைத் தேடி எடுங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, மீண்டும் பணிபுரிய என்னென்ன செய்ய வேண்டும் என்று மலேசியத் தாதியர் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால், பிள்ளையைப் பள்ளியில் விட வரும்போது சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதிவிடலாம்.